பிக்கப் டிரக்கின் முன்பக்க பாகங்கள்: எதை எப்படிப் பார்த்து வாங்கினேன்

ஹெவி டியூட்டி பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு முன்பக்க வேலை என்பது என்றைக்காவது வந்தே தீரும். என்ஜின் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். அந்த என்ஜினின் எடையைத் தாங்கியபடியே சக்கரம் திரும்ப இடம்கொடுக்கும் பந்து மூட்டான பால் ஜாயின்ட்டும், முன் சக்கரங்களைச் சேர்த்துத் திருப்பும் டை ராட் கம்பியின் முனை மூட்டான டை ராட் எண்டும் அவ்வளவு காலம் தாங்காது. வேலை வரும்போது முதலில் கண்ணில் படுவது 'ஃபுல் ஃப்ரண்ட் எண்ட் கிட்'. ஒரே பெட்டியில் பால் ஜாயின்ட், டை ராட், ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிராக் லிங்க், சில சமயம் சக்கரம் மாட்டும் பேரிங் பகுதியான ஹப் கூட. விலையும் தனித்தனியாக வாங்குவதைவிடக் குறைவு. அந்தப் பெட்டியை நான் வாங்கவில்லை. ஒவ்வொரு மூட்டுக்கும் வேலை வேறு, அதில் விழும் சுமை வேறு. ஒரு கம்பெனி டை ராட்டை அருமையாகச் செய்கிறது என்பதற்காக அதன் ஹப் பேரிங்கும் அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது.

என் வண்டி முக்கால் டன் வகை (இது பழைய வகைப் பெயர், வண்டியின் எடை அல்ல). டீசல், நான்கு சக்கர இயக்கம், முன்னால் திட ஆக்சில், அதாவது இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே விறைப்பான அச்சு. டிரெய்லர் இழுப்பதுதான் அதன் முக்கிய வேலை. நெடுஞ்சாலையில் நேராகப் பிடித்தாலும் இடமும் வலமுமாக மேய ஆரம்பித்தது. பாலத்தின் இணைப்புப் பள்ளத்தில் ஏறினால் ஸ்டீயரிங் ஒரு கணம் படபடவென்று உதறும். டெத் வாபிள் என்பார்களே, அதன் தொடக்கம். முற்றிவிட்டால் வேகத்தை நன்றாகக் குறைக்கும்வரை முழு முன் ஆக்சிலும் ஆடும். கையில் ஸ்டீயரிங் நிற்காது.

கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை இரண்டு சோதனைகள். பெரும்பாலானோர் வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டுச் சக்கரத்தை ஆட்டிப் பார்ப்பார்கள். அதுவும் வேண்டும், ஆனால் பிறகு. முதலில் நான்கு சக்கரமும் தரையில் இருக்க, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை பார்க்கில் வைத்து, என்ஜினை ஓடவிட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைச் சின்னதாக இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். டயர் தரையைப் பிடித்துக்கொண்டிருப்பதால் பவர் ஸ்டீயரிங்கின் முழு விசையும் மூட்டுகளில் இறங்கும். கீழே படுத்திருப்பவர் டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்க்க வேண்டும்.

மனைவியை உள்ளே உட்காரவைத்தேன். "இன்னும் எவ்வளவு நேரம் ஆட்டணும்?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். நான் சந்தேகப்பட்டது டை ராட் எண்ட்களை. அவை இரண்டும் திருப்பத்தோடு ஒட்டியே நகர்ந்தன. ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் சட்டகத்தோடு பிடித்துவைக்கும் கம்பியான டிராக் பாரின் சட்டகப் பக்க முனையில் விரலை வைத்தபோதுதான் தெரிந்தது: ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 'டக்' என்று ஒரு தட்டல். முனைக்குள் இருக்கும் புஷ் என்ற உறையின் ரப்பர் கிழிந்து, உள் குழாய் பக்கவாட்டில் ஓடியது. போல்ட் தலையைச் சுற்றிப் பெயின்ட் தேய்ந்து, பளபளவென்று ஒரு வளையம். போல்ட்டே தளர்ந்து அசைகிறது, ஓட்டையையும் அரித்துவிடலாம் என்பதற்கு அந்த வளையம்தான் அடையாளம். இப்படி ஓட்டை நீள்வட்டமாகிப் போயிருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த டிராக் பார் போட்டாலும் பயனில்லை. முதலில் பிராக்கெட்டைச் சரிசெய்ய வேண்டும். எனக்கு ஓட்டை வட்டமாகவே இருந்தது, தப்பித்தேன்.

அப்புறம்தான் ஜாக்கி. திட ஆக்சிலில் ஜாக்கியை ஆக்சிலுக்குக் கீழேயே வைத்து டயரைத் தரையிலிருந்து சற்றே உயர்த்தி, டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து மேலே நெம்பினால் பால் ஜாயின்ட்டின் மேல்-கீழ் ஆட்டம் தெரியும். டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டும்போது நக்கிளுக்கும் (ஹப்பைத் தாங்கி, சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் பகுதி) ஆக்சில் முனைக்கும் இடையே அசைந்தால் பால் ஜாயின்ட். நக்கிள் அசையாமல் ஹப் மட்டும் அசைந்தால் பேரிங். பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் டை ராட். சில பால் ஜாயின்ட்களுக்குச் சிறிதளவு ஆட்டத்தைக் கம்பெனியே அனுமதிக்கிறது. எனவே அசைகிறது என்றதுமே கழற்றிப் போடாமல், சர்வீஸ் மேனுவலில் எவ்வளவு வரை அனுமதி என்று பார்த்து நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் வைத்து அளப்பது நல்லது. என் வண்டியில் வலது கீழ் பால் ஜாயின்ட் எல்லையைத் தாண்டியிருந்தது. அந்தப் பக்க ஹப்பும் ஒரு முனகல் போட்டது. சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு மறு கையைக் காயில் ஸ்பிரிங் மேல் வைத்தால், கெட்ட பேரிங்கின் கரகரப்பு ஸ்பிரிங் வழியாக உள்ளங்கைக்கு வந்துவிடும். காதைவிட இதை நான் அதிகம் நம்புகிறேன்.

ஆக என் பட்டியலில் விழுந்தவை டிராக் பார், பால் ஜாயின்ட்கள், ஒரு ஹப். டை ராட்டுகள் இல்லை. கிட் வாங்கியிருந்தால் நன்றாக இருந்த டை ராட்டுகளைக் கழற்றி எறிந்திருப்பேன், அதே சமயம் நடுங்கலின் மூலமான டிராக் பார் அந்தப் பெட்டியில் இருந்திருக்கவே இருந்திருக்காது.

பாகம் தேடும் முன் வண்டியின் முன்புறம் எந்த வகை என்று தெரிந்திருக்க வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே வேறு. ஃபோர்டு சூப்பர் டியூட்டி எஃப்-250 நான்கு சக்கர இயக்கமாக இருந்தால் திட ஆக்சில். 2004 மாடல் வரை முன்னால் லீஃப் ஸ்பிரிங், 2005இலிருந்து காயில் ஸ்பிரிங்கும், ஆக்சிலை முன்பின் நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ஆர்மும். அதே எஃப்-250 இரு சக்கர இயக்கமாக இருந்தால் ட்வின் ஐ-பீம், அதாவது சக்கரத்துக்கு ஒன்றாகத் தனித்தனி இரு அச்சுகள், முற்றிலும் வேறு பாகங்கள். ராம் 2500 நான்கு சக்கர இயக்கத்தில் திட ஆக்சில்தான், ஆனால் 2014இல் நான்கு இணைப்பு ஆர்ம்களுக்குப் பதில் ரேடியஸ் ஆர்ம் வந்துவிட்டது. ஷெவி சில்வராடோ 2500எச்டியில் திட ஆக்சிலே கிடையாது. முறுக்கப்பட்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பியான டார்ஷன் பாரோடு, சக்கரத்துக்குச் சக்கரம் தனித்தனி சஸ்பென்ஷன். அதில் டிராக் பாரைத் தேட வேண்டாம், ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து வரும் பிட்மேன் ஆர்மையும், மறுபக்கம் அதற்குத் துணையாக இருக்கும் ஐட்லர் ஆர்மையும் பார்க்க வேண்டும். பால் ஜாயின்ட் சோதனையில் ஜாக்கி வைக்கும் இடமும் மாறும்: ஸ்பிரிங்கின் சுமை கீழ் ஆர்மில் விழுவதால் கீழ் ஆர்முக்கு அடியில், பால் ஜாயின்ட்டை ஒட்டி வைக்க வேண்டும்.

அடுத்தது ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் இருக்கும் ஸ்டிக்கர். வண்டி தயாரான மாதமும் ஆண்டும் அதில் இருக்கும். மாடல் ஆண்டைவிட அது முக்கியம், ஏனென்றால் ஆண்டின் நடுவிலேயே சில பாகங்கள் மாறிவிடும். முன் ஆக்சிலுக்கு அனுமதிக்கப்பட்ட எடையும் அதிலேயே இருக்கும். அமெரிக்க வகைப்பாட்டில் முக்கால் டன் பிக்கப்புகள் பொதுவாக 2பி வகுப்பு, அதாவது சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 8,501 முதல் 10,000 பவுண்டு வரை. அதற்கு மேல் 14,000 பவுண்டு வரை மூன்றாம் வகுப்பு. ஆனால் முன்பக்க பாகங்களுக்கு மொத்த எடையைவிட மூக்கில் என்ன உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. ராமில் வரும் கம்மின்ஸ் டீசல் மட்டுமே ஏறத்தாழ 500 கிலோ. அதன் முன்னால் இரும்பு பம்பர், வின்ச், பனி தள்ளும் பிளேடு என்று ஏற்றினால் அத்தனையும் முன் ஆக்சிலின் தலையில்தான். பெட்ரோல் என்ஜின் வண்டிக்குப் போதுமான பாகம் இதற்கும் போதும் என்று நினைக்கக்கூடாது. வெளியே துருத்தும் ரிம்மும் அகலமான டயரும் போட்டவர்களுக்கு இன்னும் மோசம்: டயரின் மையம் வெளியே தள்ளத் தள்ள பால் ஜாயின்ட்டிலும் ஹப்பிலும் நெம்பும் விசை கூடிக்கொண்டே போகும். அப்படி மாற்றியிருப்பவர் பாகத்தின் மேல் கோபப்படும் முன் ரிம்மைப் பார்க்கட்டும்.

சரி, எந்த பிராண்ட்? எல்லோரும் கேட்பது இதைத்தான், எனக்கோ இந்தக் கேள்வியே அரைகுறையாகத் தோன்றுகிறது. ஒரே பிராண்டுக்குள் இரண்டு மூன்று தரம் இருக்கிறது. மூக் கம்பெனியில் ஆர்-சீரிஸ் என்ற மலிவு வரிசையும் ப்ராப்ளம் சால்வர் என்ற வரிசையும் தனித்தனி. மெவோடெக்கில் ஒரிஜினல் கிரேட், சுப்ரீம், டிடிஎக்ஸ். ஏசிடெல்கோவில் சில்வர், கோல்ட், அதற்கு மேல் ஜிஎம் ஜெனுயின். "நான் இந்த பிராண்ட் போட்டேன், சீக்கிரம் போய்விட்டது" என்று ஒருவர் சொன்னால், எந்த வரிசை என்று கேட்காமல் அந்தத் தகவலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பார்ட் நம்பரை எழுதிவைத்துக்கொண்டு பேசுபவரின் அனுபவத்துக்குத்தான் மதிப்பு.

வண்டி கம்பெனியின் பெட்டியில் வருவதை முதலில் செய்தவர் யார் என்று தேடுவதும் பலன் தரும். ஃபோர்டு சூப்பர் டியூட்டியின் முன் ஆக்சில் டானாவுடையது. அதே டானா ஸ்பைசர் என்ற பெயரில் பால் ஜாயின்ட்களைத் தானே விற்கிறது. பேரிங்கில் டிம்கென், எஸ்கேஎஃப் போன்றவர்கள் வாகனத் தயாரிப்பாளர்களுக்கும் கொடுப்பவர்கள். இப்படி வாங்கினால் வண்டி கம்பெனி பெட்டிக்கான கூடுதல் காசு மிச்சம். ஆனால் பெயர் பெற்ற பிராண்டுகளுக்குத்தான் போலியும் அதிகம் வருகிறது. பாதி விலைக்கு ஆன்லைனில் யாரோ விற்கும் ஹப்பைவிட, பெட்டியைக் கையில் வாங்கிப் பார்க்க முடிகிற கடை மேல். வார்ப்பில் பதித்த முத்திரை, எடை, ரப்பர் சீல் இவற்றைப் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பால் ஜாயின்ட் விஷயத்தில் நான் அதிக நேரம் செலவிட்டேன். மேசை மேல் இரண்டு வகை இருந்தன. ஒன்று கிரீஸ் நிப்பிள் இல்லாத, சீல் செய்த வகை. உள்ளே பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் பாலிமர் அடுக்கு. கையில் பிடித்துத் தண்டைச் சுற்றினால் வழவழவென்று ஒரே சீராகச் சுற்றும். மற்றது உலோகத்தோடு உலோகம் உரசும் வகை, கிரீஸ் நிப்பிளோடு. அதன் தண்டைத் திருப்பக் கொஞ்சம் பலம் வேண்டியிருந்தது.

கிரீஸ் அடிக்க முடிகிறது என்பதாலேயே இரண்டாவதுதான் மேல் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். அது கிரீஸ் கன்னை உண்மையிலேயே கையில் எடுப்பவருக்குத்தான். சேற்றிலும் தண்ணீரிலும் ஓடும் வண்டிக்கு, ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் புது கிரீஸ் தள்ளி அழுக்கை வெளியேற்றுபவருக்கு அது நல்ல தேர்வு. அடிக்காமல் விட்டால் உலோகம் உலோகத்தைத் தின்றுவிடும். இறுக்கம் அதிகமாக இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு: திருப்பத்துக்குப் பிறகு ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பச் சுணங்கும், நெடுஞ்சாலையில் சின்னச் சின்னத் திருத்தங்கள் கூடும். என் வண்டி பெரும்பாலும் தார்ச்சாலையில் டிரெய்லர் இழுப்பது. நேராக ஓடுவதுதான் எனக்கு முக்கியம். அதனால் சீல் செய்த வகையையே எடுத்தேன். மேல், கீழ் இரண்டையும், இரு பக்கமும் மாற்றினேன். ஒரு பக்கத்தைப் பிரஸ் வைத்துத் தள்ளும் சிரமத்தைப் பார்த்த யாரும் மறு பக்கத்துக்கு இன்னொரு வருடம் கழித்து அதே வேலையைச் செய்ய விரும்பமாட்டார்கள். வகை எதுவானாலும் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையை ('பூட்') பாருங்கள். உதடு தடிமனாக, விளிம்பில் வளையம் வைத்துப் பிடித்திருக்கிறதா என்று. பூட் கிழிந்த அன்றே பால் ஜாயின்ட்டின் ஆயுள் முடிந்ததாக வைத்துக்கொள்ளலாம்.

டிராக் பாரில் கேள்வி வேறு. அச்சு அசல் நீளமா, நீளம் மாற்றக்கூடியதா? முன்பக்கத்தை உயர்த்தாத வண்டிக்கு அசல் நீளமே போதும். திருகு மரை, லாக் நட்டு என்று தளர்வதற்கு இன்னும் ஒரு இடம் எதற்கு? முன்பக்கத்தை உயர்த்தும் லெவலிங் கிட் போட்டவருக்கு மாற்றக்கூடியது தேவைப்படும். டிராக் பார் ஒரு பக்கம் சட்டகத்திலும் மறுபக்கம் ஆக்சிலிலும் மாட்டியிருக்கிறது. வண்டி உயர்ந்தால் அது சரிவாகும். சரிவானால் ஆக்சிலைச் சட்டக முனை இருக்கும் பக்கமாக இழுக்கும். ஃபோர்டிலும் ராமிலும் அது ஓட்டுநர் பக்கம். பின்னாலிருந்து பார்த்தால் முன் சக்கரம் ஒருபக்கம் தள்ளி நிற்கும். புஷ்ஷில் பாலியூரிதேன் இறுக்கமாகப் பிடிக்கும், ஆனால் கிரீஸ் இல்லாமல் கிறீச்சிடும், சாலையின் அதிர்வையும் உள்ளே அனுப்பும். நான் ரப்பரோடு போனேன். வண்டி கம்பெனியின் பெட்டியிலேயே வாங்கிய ஒரே பாகமும் இதுதான்.

ஹப்பில் கஞ்சத்தனம் கூடாது என்பது என் கட்சி. டை ராட் தேய்ந்தால் பெரும்பாலும் ஆடிக் காட்டும். ஹப்போடு ஒரே அலகாக வரும் யூனிட் பேரிங் சுட்டுக் கருகினால் சக்கரத்தையே இழக்க நேரிடும். ஏபிஎஸ் சென்சாரும் அதோடுதான் சேர்ந்து வருகிறது. மலிவு ஹப்பில் பேரிங் நன்றாக இருந்தும் சென்சார் தகராறு செய்து டாஷ்போர்டில் விளக்கு எரிவது சகஜம். ஒற்றைப் பின்சக்கர வண்டிக்கும் இரட்டைப் பின்சக்கர வண்டிக்கும் முன் ஹப் வேறு. போல்ட் வட்டமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும்: 2500எச்டியில் 2010 வரை 8 போல்ட் 6.5 அங்குல வட்டத்தில், 2011இலிருந்து 180 மில்லிமீட்டர் வட்டத்தில். படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஹப்பைப் பிடிக்கும் பெரிய ஆக்சில் நட்டு உள்ள வண்டிகளில், அந்த நட்டின் இறுக்கம்தான் பேரிங்கைச் சரியான அழுத்தத்தில் வைத்திருக்கிறது. இம்பாக்ட் கன்னால் அடித்து முடிக்காமல், இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சால் முடிக்க வேண்டும். நட்டு இல்லாமலோ தளர்வாகவோ வண்டியை உருட்டவும் கூடாது. உப்பு தூவிய சாலைகளில் ஓடிய வண்டியானால் பழைய ஹப் நக்கிளோடு துருவில் ஒட்டியிருக்கும். கழற்றியபின் அந்த வட்டத்தை வெள்ளையாகத் தேய்த்து, ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையை மெல்லிசாகத் தடவிப் போடுங்கள்.

ஸ்டீயரிங் கம்பிகளைப் பற்றி ஒன்று. மூன்றாம் தலைமுறை ராமின் ஆரம்ப ஆண்டுகளில் டை ராட் ஒரு பக்க நக்கிளிலிருந்து வந்து டிராக் லிங்கில் இணையும், தலைகீழ் ஒய் வடிவில். சஸ்பென்ஷன் மேலும் கீழும் போகும்போது டோ-இன் (முன் சக்கரங்கள் உள்நோக்கிப் பார்க்கும் அளவு) மாறிக்கொண்டே இருக்கும். பின்னால் வந்த டி வடிவ அமைப்பில் டை ராட் நக்கிளுக்கு நக்கிள் நேராகப் போகிறது. பழைய வண்டிகளிலும் அதை மாட்டுகிறார்கள். அந்த வண்டி வைத்திருப்பவருக்கு டை ராட் மாற்றும் வேளை வந்தால், பழைய வடிவத்திலேயே திரும்ப வாங்குவதைவிட இதற்குச் செலவிடுவது மேல்.

ஸ்டீயரிங்கின் உதறலை உள்வாங்கும் ஷாக் அப்சார்பரான ஸ்டீயரிங் டேம்பரைக் கடைசியாக வாங்குங்கள், அல்லது வாங்காதீர்கள். நடுக்கம் வந்ததும் இரட்டை டேம்பர் போட்டு அடக்கிவிட்டு நிம்மதியாக ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். புது டேம்பர் கொஞ்ச காலம் ஆட்டத்தை மறைக்கும்; அதற்குள் தளர்ந்த மூட்டு இன்னும் தளர்ந்திருக்கும். 'லைஃப்டைம் வாரண்டி' என்ற ஒட்டுத்தாளுக்கும் நான் மயங்கவில்லை. அது பாகத்துக்குத்தான். மறுபடி கழற்றி மாட்டும் கூலியும், அலைன்மென்ட் செலவும், வண்டி நிற்கும் நாட்களும் நம் கணக்கில்.

நல்ல பாகத்தை மாட்டும்போதே கெடுத்துவிட முடியும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி தூக்கியிருக்கும்போது முடுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் நின்று, எடை முழுக்க இறங்கிய பிறகு இறுதி முடுக்கு. நட்டு கழலாமல் குறுக்கே செருகும் காட்டர் பின்னுக்கான ஓட்டை நேராக வரவில்லை என்றால் நட்டைத் தளர்த்தாமல் அடுத்த பள்ளம் வரும்வரை இறுக்க வேண்டும். சூப்பர் டியூட்டியில் மேல் பால் ஜாயின்ட்டைச் சுற்றி ஒரு ஸ்லீவ் இருக்கும். அதன் துளை சற்றே சாய்ந்திருக்கும், கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் அளவு) அமைவது அதில்தான். கழற்றும் முன் அது எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று பெயின்ட் மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள், இல்லையென்றால் அலைன்மென்ட் கடையில் அந்த வேலைக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டியிருக்கும். டை ராட் எண்டைக் கழற்றுபவர்கள் வெளியே தெரியும் மரைகளை எண்ணி வைத்துக்கொண்டால் அலைன்மென்ட் கடை வரையாவது நேராக ஓட்டிப் போகலாம்.

அலைன்மென்ட் முடிந்து சிலநூறு கிலோமீட்டர் ஓடியபின் டிராக் பாரின் இரண்டு போல்ட்டுகளையும் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தேன். ஒன்று லேசாக ஏறியது. இப்போது ஆயில் மாற்றும்போதெல்லாம் அவை இரண்டையும் பார்த்துவிடுகிறேன். அந்தப் பாலத்து இணைப்பில் உதறல் இல்லை. ஸ்டீயரிங்கின் நடுவில் மட்டும் இன்னும் சிறிது காலி ஆட்டம் இருக்கிறது. அது ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து வருகிறது. உள்ளே போகும் தண்டு திரும்பியும் பிட்மேன் ஆர்ம் உடனே அசையாததைக் கீழே படுத்துப் பார்த்தாயிற்று. மேலே இருக்கும் ஸ்க்ரூவைத் திருகி அதைக் குறைக்கலாம் என்கிறார்கள். அளவுக்கு மேல் திருகினால் பாக்ஸ் நடுவில் பிடித்துக்கொள்ளும் என்பதால் அதில் கை வைக்காமல், பிரித்துப் புதுப்பித்த பாக்ஸ் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.